எனக்கு அதிகம் பேச வராது, டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் இருக்கும் பலத்தை வைத்தே சமாளிக்க முடியுமா?

முடியும். 24 குணங்களை வரிசைப்படுத்திக் காட்டும் தேர்வில் நிதானம் முதலிலும் தலைமைப் பண்பு 22-ஆவதாகவும் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் கலகலவென்று பேசுகிறவராக இருந்திருப்பார், அதனால்தான் இந்தப் பயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எனக்குத் தர்மபுரிப் பக்கம். தமிழ்நாட்டில் அரசு 1989-இல் முதன்முதலாக மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். எங்கள் குழுவில் 16 பேர். 2009-இல், குழுவை முன்னின்று நடத்தும் பழைய ஊக்குநர் மகள் வீட்டோடு போய்விட்டதால் என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். தீர்மான நோட்டு எழுதத் தெரியும் என்பது ஒன்றுதான் காரணம். அந்த அக்கா வாயைத் திறந்தால் கூட்டமே அடங்கும். நானும் 4 மாதம் அவரைப் போலவே பேசிப் பார்த்தேன். வாரக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் 9 பேராகக் குறைந்தார்கள்.

அப்புறம் ஒரு தவணைப் பிரச்சினை வந்தது. 1,500 ரூபாய் கட்டிவிட்டேன் என்கிறார் ஒருவர். நோட்டில் இல்லை, அவர் பாஸ் புத்தகத்திலும் இல்லை. பணம் வாங்கிய குழுப் பிரதிநிதி மேல் எல்லோருக்கும் சந்தேகம். அவர் 3 நாள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. எனக்குச் சமாதானம் பேச வராது, கணக்குப் பார்க்க வரும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து 14 மாதத்து வரவையும் எல்லோருடைய பாஸ் புத்தகத்தோடும் ஒத்துப் பார்த்தேன். எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர். அந்த இன்னொருவர் பக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தவணை வரவாகியிருந்தது, அவருடைய பாஸ் புத்தகத்தில் ஒன்றுதான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் நான் எதையும் விளக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் தேதி தேதியாக வாசித்தேன். பிரதிநிதி அழுதுவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவருடைய சேமிப்பு, கடன், பாக்கி எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. தன் கணக்கைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள்.

கணக்கு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாமதமாக வந்தவரிடம் குழு விதிப்படி அபராதம் வாங்கினேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு பாக்கி கேட்கப் போகும் வேலையை, நயமாகப் பேசத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பேச்சுத் திறமையை நான் குறைவாக நினைக்கவில்லை. அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான். வீட்டிலும் இதே ஏற்பாடுதான். சொந்தத்தில் கல்யாணம் என்றால் மொய் நோட்டு என்னிடம் வரும், பந்தல்காரரிடம் பேரம் பேச என் கணவர் போவார்.

சரி, கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு தவணைகூடத் தவறாத எங்களை ஒரு வங்கியில் காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை உட்கார வைத்து, கடைசியில் கணவர் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் 3 பேர். சொத்து ஜாமீன் இல்லாமல் குழுவை நம்பிக் கடன் தருவதுதான் 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு தொடங்கிய, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தின் அடிப்படையே. இதில் கணவர் எங்கே வந்தார்?

மகளிர் குழுவும் ஆபீசும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். நான் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, யாரையும் மிரட்ட முடியாது. பிடிக்காவிட்டால் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே இது எடுபட்டது.

நிதானம் முதலில் வந்தது என்கிறீர்களே, உங்கள் டீமில் அவசரப்பட்டுத் தப்பாகும் வேலை எது என்று பாருங்கள். முதலில் அதை உங்கள் கையில் எடுங்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசுவதற்கு, பேச ஆசைப்படுகிற ஒருவர் உங்கள் டீமிலேயே இருப்பார், அவரிடம் கேளுங்கள்.