எளிதில் மனம் புண்படாதவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'யார் என்ன சொன்னாலும் எளிதில் மனம் புண்படமாட்டேன்' என்று வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். திக்-ஸ்கின்ட், அன்ஃப்ளாப்பபிள், ஈஸிகோயிங், இன்அஃபென்சிவ் இவற்றில் எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இன்அஃபென்சிவை விட்டுவிடுங்கள். பிறரைப் புண்படுத்தாதவர் என்றுதான் அதற்குப் பொருள். 'இருக்கிற இடம் தெரியாதவர்' என்ற சாயலும் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஒரு தோழிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியபோது நான் இந்தச் சொல்லைத்தான் போட்டேன். பாராட்டாக நினைத்து எழுதிய வரி அவளை ஒன்றுக்கும் உதவாதவள்போல் காட்டியிருக்கிறது என்று பின்னால் தெரிந்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

நீங்கள் தேடும் பொருளுக்கு மிக அருகில் இருப்பது திக்-ஸ்கின்ட். தடித்த தோல் என்றால் நமக்கு எருமைதான் நினைவுக்கு வரும். 'எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி' என்பது சூடு சொரணை இல்லாதவரைத் திட்டுவது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் திட்டு இல்லை. அரசியலுக்கு வருகிறவருக்கு அந்தத் தோல் வேண்டும் என்று மெச்சியே சொல்வார்கள். திட்ட வேண்டுமானால் காலஸ் என்ற சொல் இருக்கிறது. அதுவும் தோலில் இருந்து பிறந்ததுதான். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போகிறதே, அந்தக் காய்ப்புக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதே உச்சரிப்பு. அடுத்தவர் வலி உறைக்காத அளவுக்கு மனசு காய்த்துப்போனவர் காலஸ். இந்த வேர் எனக்கு மிகவும் பிடித்தது. நம் 'காய்ப்பு' பக்கத்திலேயே இருப்பதால் மறக்காது.

அன்ஃப்ளாப்பபிள் அவமானத்தைவிடப் பதற்றத்தோடு சேர்ந்த சொல். 1957 முதல் 1963 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஹரால்ட் மேக்மில்லனுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1960-ல் ஐ.நா. பொதுச்சபையில் அவர் பேசும்போது சோவியத் தலைவர் குருஷ்சேவ் மேசையைக் குத்திக் கூச்சல் போட்டார். மேக்மில்லன் பதறாமல், அதை மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதுதான் அன்ஃப்ளாப்பபிள்.

ஈஸிகோயிங் என்பது எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சுபாவம். நண்பரைப் பற்றிச் சொல்ல நல்ல சொல். விண்ணப்பத்தில் போட்டால் வேலையிலும் அப்படியோ என்ற சந்தேகம் வரும்.

சரி, எதை எழுதுவது? நானாக இருந்தால் 'ஐ டேக் கிரிட்டிசிசம் வெல்' என்று எழுதுவேன். குறை சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுத் திருத்திக்கொள்வேன் என்பது அதில் வந்துவிடும். திக்-ஸ்கின்டை நேர்காணலில், கடுமையான வாடிக்கையாளர்களைப் பற்றிக் கேட்டால், வாயால் சொல்லுங்கள்.