நறுக்கிய காய்க்கு எந்தக் கவர்?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழு கேரட், பீன்ஸ், ப்ராக்கோலி ஆகியவற்றை நறுக்கி 250 கிராம் பாக்கெட்டுகளாகக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறது. இரண்டாம் நாளே உள்ளே நீர் கோத்துப் புளித்த வாடை வருவதாகக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். இன்னும் தடிமனான, பளபளப்பான கவர் வாங்கும்படி கவர் வியாபாரி சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நறுக்கிய பிறகும் காய் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெட்டுப்பட்டதால் முழுக்காயைவிட வேகமாகவே சுவாசிக்கிறது. கவருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காய் நொதிக்கத் தொடங்கும். உங்கள் கடைக்காரர்கள் முகர்ந்தது அந்த வாடையைத்தான். பளபளப்பான லேமினேட் கவர், சிப்ஸ், மசாலாத் தூள் போலக் காற்றே படக்கூடாத பண்டங்களுக்காகச் செய்யப்பட்டது.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் காயின் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆனால் கவர் வழியே காற்று கடக்கும் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எனவே கோத்தகிரிக் குளிரில் நன்றாக இருந்த அதே பாக்கெட், சாதாரண வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்கியதும் மூச்சுத் திணறுகிறது. குளிர்சாதன வண்டி இல்லாமல் கவரை மட்டும் மாற்றுவது பாதிப் பரிகாரமே.

நீர்த்துளி படியாதபடி பூச்சு தரப்பட்ட, லேசரால் நுண்துளையிட்ட பாலிபுரோப்பிலீன் ஃபிலிமைக் கேளுங்கள். காயின் வகை, எடை, கவரின் பரப்பு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டுதான் துளைகளைக் கணக்கிட வேண்டும். ப்ராக்கோலிக்குக் கேரட்டைவிடப் பல மடங்கு காற்று தேவை. ஆகவே மூன்றுக்கும் ஒரே கவரைத் தலையில் கட்டுபவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். ‘ஃபுட் கிரேடு’ என்ற அச்சு எதையும் நிரூபிக்காது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் மீதும் அதை அச்சிடலாம். உணவைத் தொடும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலைகளின்படி (பாலிபுரோப்பிலீனுக்கு ஐஎஸ் 10910, பாலித்தீனுக்கு ஐஎஸ் 10146) செய்த சோதனை அறிக்கையை, நீங்கள் வாங்கும் அதே சரக்குக்கு, கேட்டு வாங்குங்கள். ‘மக்கும் கவர்’ என்று வருபவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் கேளுங்கள். பெரும்பாலோர் அத்தோடு கிளம்பிவிடுவார்கள். சான்று உண்மையாகவே இருந்தாலும், அத்தகைய ஃபிலிம் பெரும்பாலும் ஈரத்தை வெளியே விடுவதால் கேரட் வெளுத்து வறளும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. நீலகிரியில் கட்டுப்பாடு அதற்கும் முந்தையது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எந்த ஃபிலிம் கூடும், எது கூடாது என்பதை ஒரு சிறு குழுவுக்குத் தெளிவாக எழுதித் தர ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டுவதில் என்ன நியாயமோ! ஆர்டர் கொடுக்கும் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பட்டன் காளானை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காளான் மிக வேகமாகச் சுவாசிக்கும். துளையில்லாத கவரில் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். காற்றில்லாத அந்த நிலையில், குளிரும் போதாதபோது, பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். காளான் பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கலாம், வாடையும் எச்சரிக்காது. காளான் கவரில் கண்ணுக்குத் தெரியும் துளைகளே இருக்கட்டும். ஆயுள் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. துளைகளின் மேல் லேபிளை ஒட்டிவிட வேண்டாம் என்று பாக்கெட் போடுபவர்களிடமும் சொல்லிவையுங்கள்.