ஆஸ்துமா உள்ளவர் பலூன் பொம்மை செய்யலாமா?

கேள்வி: பிறந்தநாள் விழாக்களில் நீளப் பலூன்களை முறுக்கி நாய், வாத்து, வாள் என்று குழந்தைகளுக்குச் செய்து கொடுக்கிறேன். சிறுவயது முதலே எனக்கு ஆஸ்துமா உண்டு. வாயால்தான் ஊதுகிறேன். பத்துப் பலூனைத் தாண்டினால் நெஞ்சு இறுகுகிறது; வீடு திரும்பிய பிறகும் இருமல் நிற்பதில்லை. இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேலையை விடுவது பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம், வாயால் ஊதுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் 260 ரகப் பலூன் ஊதியபின் 2 அங்குலத் தடிமனும் 60 அங்குல நீளமும் கொண்டது; அதில் முதல் குமிழை எழுப்புவதற்கே நல்ல நுரையீரல் உள்ளவரும் திணறிப்போவார். ஆழமாக மூச்சை இழுத்து முழு வேகத்தில் வெளிவிடுவதை அடுத்தடுத்துச் செய்தால், ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகிவிடும். நுரையீரல் பரிசோதனைக் கருவியில் ஊதும்போதே இளைப்பு வருபவர்களும் உண்டு. பலூன் ஊதினால் நுரையீரல் வலுப்படும் என்று உறவினர்கள் சொல்லக்கூடும். ஆஸ்துமாவின் அடிப்படை மூச்சுக்குழாயின் அழற்சி. ஊதிப் பழகுவதால் அது தணியாது.

இழுக்கும்போதும் தள்ளும்போதும் காற்றடிக்கும் கைப்பம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாய் செய்வதென்றால் நுனியில் நான்கைந்து விரல் அகலத்தைக் காற்றில்லாமல் விட்டு, முடிச்சுப் போடுமுன் சிறிது காற்றை வெளியேற்றிவிட்டால் பலூன் இளகி, முறுக்கும்போது எளிதில் வெடிக்காது. அது வெடிக்காமல் இருப்பது உங்களுக்கு மிகவும் முக்கியம். ஏனெனில் பாக்கெட்டைப் பிரித்ததும் விரலில் ஒட்டுகிற அந்த வெள்ளைத் தூள், ரப்பர் பாலின் புரதங்களைச் சுமந்துகொண்டு, பலூன் வெடிக்கும்போது காற்றில் பரவக்கூடியது. அப்புரதங்கள் ஒவ்வாதவர்களுக்கு அதைச் சுவாசிப்பதே ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். தூள் பூசிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இரண்டு வாரம் பம்பால் மட்டும் ஊதிப் பாருங்கள். நெஞ்சிறுக்கம் மறைந்தால் ஊதும் சிரமமே காரணமாக இருந்திருக்கலாம். பம்பு வந்த பிறகும் அது தொடர்ந்தாலோ, பலூனைத் தொட்டதும் விரல் அரித்தாலோ, தும்மலும் கண்ணில் நீரும் வந்தாலோ, வாழைப்பழமோ கிவியோ தின்றால் வாய் அரித்தாலோ, சோதனையை நீட்டிக்காமல் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்துத் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். உதடு வீங்கி மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

மூச்சிறுக்கத்தை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு விழாவிலும் அதை எடுக்க நேர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்றே பொருள். தினசரி எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

ரப்பர் ஒவ்வாமை உறுதியானால், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, பலூன் முறுக்குவதை விட்டுவிட வேண்டும். பளபளக்கும் ஃபாயில் பலூனில் ரப்பர் இல்லை என்றாலும் அதை இப்படி முறுக்க முடியாது. பல் பிடுங்கும்போதும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் மருத்துவரிடம் இந்த ஒவ்வாமையைத் தவறாமல் சொல்லுங்கள். அவர் ரப்பர் கையுறைக்குப் பதிலாக நைட்ரைல் கையுறையை அணிந்துகொள்வார்.