சூட்டில் எழுதி, குளிரில் படித்தால்? – ஃபிளாஷ் மெமரி கேள்வி-பதில்

வெயில் ஏறினால் மெமரி கார்டு, எஸ்எஸ்டி (கணினியில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் சேமிப்புப் பாகம்) பற்றிய கேள்விகளும் ஏறிவிடும். இந்த முறை ஒருவர் மட்டும் குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். விஷயம் உள்ள கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: குளிர்பதனக் கிடங்குகளுக்கு வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி செய்கிறோம். பட்டறையில் ஒழுங்காக ஓடுகிறது. மைனஸ் 20 டிகிரி அறையில் வைத்தால் மெமரியைப் படிப்பதில் பிழை வருகிறது. வெளியே கொண்டுவந்தால் அதே கோப்பு திறக்கிறது. சிப் பழுதா?

பழுது இல்லை. வெளியே வந்ததும் கோப்பு திறக்கிறது என்று விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தகவல் அழியவில்லை, அளக்கும் கோடுதான் நகர்ந்திருக்கிறது.

இவற்றுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப்தான் ஃபிளாஷ். அதன் ஒவ்வொரு செல்லும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு டிரான்சிஸ்டர். படிக்கும்போது ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, செல் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதை வைத்து உள்ளே எழுதியிருப்பது தெரியும். சங்கடம் என்னவென்றால், எலக்ட்ரான் ஒன்றுகூடக் குறையாவிட்டாலும் குளிரில் அதே செல் திறக்கக் கூடுதல் அழுத்தம் கேட்கும். உங்கள் பட்டறை 35 டிகிரி என்றால், எழுதியதற்கும் படித்ததற்கும் நடுவே 55 டிகிரி வித்தியாசம். எஸ்எல்சி என்ற ஃபிளாஷ் வகையில் ஒரு செல்லுக்கு 2 நிலைதான், இடம் தாராளம். டிஎல்சி வகையில் அதே இடத்துக்குள் 8 நிலைகள், கியூஎல்சி வகையில் 16. நெரிசலான பேருந்தில் ஒருவர் கொஞ்சம் அசைந்தாலே பக்கத்தில் இருப்பவரின் காலை மிதிப்பார் இல்லையா, அந்தக் கதைதான்.

சிப்பில் வெப்ப உணரி வைத்து, படிக்கும் அழுத்தத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்குகிறார்கள். ஆனால் அது பொதுவான திருத்தம். இப்போதைய அடுக்கு ஃபிளாஷில் (செல்களை மேலே மேலே அடுக்கியது) மின்சாரம் ஓடும் பாதை பாலிசிலிக்கானால், அதாவது பல சிறு படிகங்கள் சேர்ந்த சிலிக்கானால் ஆனது. அதனால் குளிருக்கு எல்லா செல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மிச்சமாகும் பிழையை எல்டிபிசி போன்ற பிழைதிருத்த முறை சரிசெய்யும். அதற்கும் அடங்காவிட்டால், மெமரியை நிர்வகிக்கும் சிப்பான கன்ட்ரோலர் அழுத்தத்தை நகர்த்தி நகர்த்தித் திரும்பப் படித்துப் பார்க்கும். கார்டுகளின் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள்) வேலைக்குத்தான் என்பது என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில், உங்கள் பாகத்தின் தரவுத்தாளில் இயங்கும் வெப்ப எல்லையைப் பாருங்கள். 0 முதல் 70 டிகிரி வரை என்று போட்டிருந்தால் கார்டைக் குறை சொல்ல முடியாது. தொழில்துறை ரகம் மைனஸ் 40 முதல் 85 வரை தாங்கும். அப்புறம், இஎம்எம்சி (கன்ட்ரோலரும் ஃபிளாஷும் சேர்ந்த, சர்க்யூட் பலகையில் பற்றவைக்கும் சிப்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் முக்கியமான பகுதியை எஸ்எல்சி போல இயங்கும்படி அமைக்கலாம். டிஎல்சி சிப்பில் செல்லுக்கு மூன்று பிட்டுக்குப் பதில் ஒன்றே பதிவாவதால் அந்தப் பகுதியின் கொள்ளளவு மூன்றில் ஒன்றாகும். இந்த அமைப்பை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், பிறகு மாற்ற முடியாது. முதல் பலகையில் அவசரப்பட வேண்டாம்.

சோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கக்கூடும். குளிரில் எழுதிக் குளிரிலேயே படித்துவிட்டு 'பாஸ்' போடுவது பாதிச் சோதனை. சூட்டில் எழுதிக் குளிரில் படியுங்கள், பிறகு குளிரில் எழுதிச் சூட்டில் படியுங்கள். கருவி எப்போதும் குளிரிலேயே இருக்கப்போகிறது என்றால், ஃபர்ம்வேரையும் அமைப்புக் கோப்புகளையும் அங்கே வைத்த பிறகு ஒருமுறை திரும்ப எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: என் லேப்டாப் எஸ்எஸ்டி 68 டிகிரி காட்டுகிறது. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வாங்கவா?

பெரிய கோப்புகளை நகர்த்தும்போது மட்டும் அந்த அளவு என்றால் விட்டுவிடுங்கள். கொதிப்பது பெரும்பாலும் கன்ட்ரோலர்தான். எல்லை தாண்டினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதும் 68 என்றால் காற்றுப் பாதையைப் பாருங்கள். இன்னொன்று, ஃபிளாஷ் செல்லுக்குச் சற்றுச் சூடாக இருக்கும்போது எழுதுவது பிடிக்கும். எழுதும்போது செல்லின் மின்காப்புப் படலத்துக்கு ஏற்படும் சேதம் அந்தச் சூட்டில் ஓரளவு ஆறுகிறது. எழுதும்போது வெதுவெதுப்பு, எடுத்து வைக்கும்போது குளிர்ச்சி – இதுதான் அதற்கு ஏற்ற பக்குவம்.

கேள்வி: குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். மின்சாரம் இல்லாமல் ஓராண்டுதான் தாங்கும் என்கிறார்களே?

அந்த ஓராண்டு, சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையில் உள்ளது. ஆனால் அதைப் பாதியாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உறுதியளிக்கப்பட்ட அளவு முழுவதையும் எழுதித் தீர்த்த, அதாவது ஆயுள் முடிந்த எஸ்எஸ்டியை 30 டிகிரியில் வைத்தால் குறைந்தது ஓராண்டு என்பதே அதன் பொருள். இது வீட்டு உபயோக ரகத்துக்கு. சர்வர் ரகத்துக்கு 40 டிகிரியில் 3 மாதம். நான்கைந்து முறை மட்டும் எழுதிய புது எஸ்எஸ்டி இதைவிட எவ்வளவோ நாள் தாங்கும்.

எனக்குக் கவலை பரண்தான். வெப்பம் ஏற ஏற எலக்ட்ரான் கசிவு கூட்டல் கணக்கில் கூடாது, மடங்கு கணக்கில் கூடும். ஜெடெக் கணக்கீட்டில் வழக்கமாக எடுக்கும் மதிப்பை வைத்துப் போட்டுப் பார்த்தால், 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது கசிவு சுமார் 4 மடங்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் சித்திரையில் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணினியில் செருகி, எல்லாக் கோப்புகளையும் முழுமையாகப் படிக்க வையுங்கள். சும்மா செருகிவிட்டுக் கழற்றினால் போதாது. முழுதும் படித்தால்தான் தளர்ந்த பகுதிகள் ஃபர்ம்வேரின் கண்ணில் பட்டு, அது அவற்றைப் புதிதாக எழுத வாய்ப்பு உண்டு. இன்னொரு பிரதியை ஹார்டு டிஸ்கில் வையுங்கள். பென் டிரைவை இந்த வேலைக்கு நம்பவே வேண்டாம்.

கேள்வி: காரில் டேஷ்கேம் கார்டு அடிக்கடி போய்விடுகிறது.

வெயிலில் நிறுத்திய கார், ஓயாமல் அழித்து எழுதும் கேமரா, சாதாரண கார்டு. மூன்றும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? அதிக எழுத்துத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கும் கார்டு வாங்குங்கள். விபத்துப் பதிவு ஏதாவது இருந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: படிக்காத கார்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகுமா?

அது ஹார்டு டிஸ்க் காலத்து வைத்தியம், அப்போதே சந்தேகமானது. வெளியே எடுத்ததும் வேர்க்கும் ஈரம் புதிதாக ஒரு கோளாறைத்தான் சேர்க்கும். படங்களை எடுத்தபோது எவ்வளவு சூடு இருந்ததோ, கார்டை ஏறக்குறைய அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து வேறொரு கார்டு ரீடரில் படித்துப் பாருங்கள். படித்தால் முதல் வேலையாக நகல் எடுங்கள். படிக்காவிட்டால் ஃபார்மேட் செய்யாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.