ஓசூரில் பத்து மாத முன்பணம்

கேள்வி: ஓசூரில் வேலை கிடைத்துள்ள எனக்கு, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தால்தான் வீடு என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உண்டு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. ஆனால், பத்து மாத முன்பணம் கேட்கும் பெங்களூருப் பழக்கம் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வந்துவிட்ட ஊரில், அந்த 'வேறுவிதமான ஒப்பந்தம்' என்பதுதான் சிக்கல். பத்து மாதத்துக்கு இசைந்து கையெழுத்திட்ட பின்னர் வரம்பைக் காட்டி வாதாடுவது எளிதன்று என்பதால், பேரத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நிலுவை போக மீதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். வாடகை ரசீதுகளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.