பதினேழு வயதில் ஓய்வுக்காலத்தைத் திட்டமிடும் மகள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் தங்கச்சிமடத்திலிருந்து தாங்கள் வந்து பேசியதை இரண்டு நாட்களாக யோசித்துப் பார்த்தேன். பொறியியல் வேண்டாம், மீன்வளம் படித்து இந்தக் கடற்கரையிலேயே வேலை பார்ப்பேன், ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து எழுதுவேன் என்று மகள் சொன்னதாகக் கூறினீர்கள். “பதினேழு வயதுப் பிள்ளை இப்போதே பென்சனைப் பற்றிப் பேசுகிறதே” என்று தாங்கள் வருந்தினீர்கள். எழுத்தாளராகப் போகிறேன் என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். தங்கள் மகள் அதை முதலில் யோசித்திருக்கிறார்.

அந்தக் கணக்கைத் தாங்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். தமிழில் எழுத்தாளருக்குப் பதிப்பகம் தரும் பங்கு பொதுவாக விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் 500 பிரதி விற்றால், இரண்டு மூன்று ஆண்டு உழைப்புக்கு 15,000 ரூபாய் கிடைக்கும். விசைப்படகு ஒரு முறை கடலுக்குப் போய்வர ஆகும் டீசல் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனவே அவர் கேட்பது வேலையோடு சேர்ந்த எழுத்து வாழ்வுதான், அது புதிய வழியும் அல்ல. இங்கே யாரைக் கேட்டாலும் அப்துல் கலாமை உதாரணம் காட்டுவார்கள்; அந்த உயரத்தைப் பிள்ளையின் முன்னே நிறுத்தி மிரட்ட நான் விரும்பவில்லை. உவரி என்னும் கடற்கரை ஊரில் பிறந்த ஜோ டி குரூஸ், கப்பல் தொழிலில் இருந்துகொண்டே எழுதி 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மறு ஆண்டு அதே விருதைப் பெற்ற பூமணி கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர்.

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் உள்ள இளநிலை மீன்வள அறிவியல் நான்கு ஆண்டுப் படிப்பு. உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை போடுகிறார்கள், நீட் தேர்வு தேவையில்லை. முடித்தபின் மாநில மீன்வளத்துறை ஆய்வாளர் பணிக்குத் தேர்வாணையத்தின் வழியாக முயலலாம், ஆராய்ச்சிப் பணிக்கும் போகலாம். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் நம் பக்கத்து மண்டபம் ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. மதிப்பெண் போதாவிட்டால் இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து அடுத்த வழியைப் பார்க்கலாம். அரசு வேலை உடனே கிடைத்துவிடும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அறிவிக்கைக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம், அந்த இடைவெளியில் இறால் பண்ணையிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ வேலை பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஓய்வு பெறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். கதையும் கவிதையும் எழுத அரசு ஊழியருக்குத் தடையில்லை; மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே இலக்கியப் பணிக்கு இடம் தருகின்றன. ஆனால் பணியில் இருந்துகொண்டு அரசின் கொள்கையைக் கண்டித்து எழுத முடியாது. இந்தக் கரையில் மீன்வள அதிகாரியாக இருப்பவர் காண்பவற்றில் பாதி, எல்லை தாண்டிப் பிடிபட்ட படகும், இழுவலை போடும் விசைப்படகுக்காரர்களோடு நாட்டுப்படகுக்காரர்கள் போடும் சண்டையும், கடல்பாசி எடுக்கும் பெண்கள் தீவுப் பக்கம் போவதற்கு வரும் தடையுமாக, அந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். எனவே 60 வயது என்று அவர் குறித்தது சோம்பலால் அல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அவருடைய திட்டத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, அதை அவரிடமே சொல்லுங்கள். எழுதுவதைத் தள்ளிப் போடலாம், குறித்து வைப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. நாற்பது ஆண்டு கழித்து இன்றைய கடல் அவருக்குப் பொதுவாகத்தான் நினைவில் நிற்கும். ஐஸ் பெட்டி என்ன விலை, எந்தக் காற்றுக்கு எந்த வலை இறக்கினார்கள், ஏலத்தில் நண்டு கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்பவை நிற்கா. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல். நம் வட்டாரத்தில் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டவர்களைவிட, கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தவர்கள்தான் அதிகம் (நானும் அவர்களில் ஒருவன்). தேதியும் இடமும் போட்டு நாளுக்கு அரைப் பக்கம் எழுதினால் போதும். நடை நன்றாக இருக்கிறதா என்று வீட்டில் யாரும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பொதுத்தேர்வு முடிவும் அந்த 61 நாட்களுக்குள்தான் வரும். முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே சேர்ந்து நிரப்பலாம். அதற்கு முன் படகு நிற்கும் ஒரு மாலையில், தாங்கள் முதன்முதலாகக் கடலுக்குப் போன நாளை அவருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டே எழுதினால் எழுதட்டும்.