மீன் லொறி ஓட்டும் கணவரும் முதலாளியின் அழைப்புகளும்: பதில்

சகோதரி, திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்கு இரவில் மீன் லொறி ஓட்டும் உங்கள் கணவர், முதலாளியின் அழைப்புகளுக்கு ஓட்டிக்கொண்டே பதில் சொல்வதாகவும், காதில் ஹெட்செட் இருப்பதால் ஆபத்தில்லை என்று வாதிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் கவனம் மீன் விலையில் இருக்குமே! வாகனம் ஓட்டும்போது தொலைபேசி பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்றும், ஹெட்செட் அந்த ஆபத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் லொறி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். அழைப்பது யாரென்று திரையை 3 செக்கன் பார்த்தால், 50 மீற்றர் வீதியைப் பாராமலே கடந்தாயிற்று. ஹபரணைப் பக்கம் இருட்டில் வீதியோரம் நிற்கும் யானை, விளக்கொளி நன்றாக விழும்வரை கண்ணுக்குப் படாது. ஐஸும் மீனும் ஏற்றிய லொறி பிரேக் பிடித்தவுடன் நின்றுவிடாது என்பதை அவரே நன்கறிவார்.

அவரோடு வாதாடுவதைவிட முதலாளியிடம் பேசுவதே பயன் தருமென்று நினைக்கிறேன். கந்தளாயிலும் ஹபரணையிலும் தேநீருக்கு நிறுத்தும்போது தானே அழைப்பதாக அவர் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். ஓட்டும் நேரத்தில் அழைப்பவருக்குத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு. புறப்படுமுன் அதை நீங்களே போட்டுவிடலாம். குறை நினைக்க வேண்டாம், எங்கே வருகிறார் என்று கேட்டு இடைவழியில் நீங்களும் அழைக்காதிருங்கள்.